பழுதைக் காண்பதற்கும் கூலியா?

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம் குடும்பங்களில் ஒரு கார் வாங்குவது சிறிய காரியம் அன்று. சேமநிதியில் ஒரு பகுதியை எடுத்து, வங்கியில் கடன் பெற்று, மனைவியின் வளையல் இரண்டையும் அடகு வைத்துத்தான் அது வாசலுக்கு வருகிறது. கோலமிட்டு, ஆரத்தி எடுத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோவிலுக்கு ஓட்டிச் செல்கிறோம். அன்று விற்பனையாளர் சாவியோடு ஒரு சிறு புத்தகத்தையும் நம் கையில் தருகிறார். அதுதான் வாரண்டிப் புத்தகம். இத்தனை ஆண்டுகளுக்குள் அல்லது இத்தனை கிலோமீட்டருக்குள் வண்டியில் உற்பத்திக் குறை காணப்பட்டால், பணம் வாங்காமல் செப்பனிட்டுத் தருவோம் என்று உற்பத்தியாளர் நமக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

நானும் அவ்வாறே மறந்திருந்தேன். 1,416 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்த ஓர் இரவில்தான் அதனை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அன்று கற்ற பாடத்தை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மஞ்சள் விளக்கு

நான் நாகபுரியில் ரெயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. பள்ளி இறுதித் தேர்வுக்கு மேல் படித்தவன் அல்லன். இயந்திர நூல் பயின்றவனும் அல்லன். 2024-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் திண்டுக்கல்லில் என் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ரெயில்வேக்காரனுக்குப் பாஸ் இருக்கையில் காரில் போவானேன் என்று நண்பர்கள் கேட்டனர். என் தாயாருக்கு முழங்கால் வலி. வண்டி மாறுவதும் மேம்பாலம் ஏறுவதும் அவரால் ஆகாத காரியம். சீர் வரிசைப் பாத்திரங்கள் வேறு இருந்தன. ஆகவே தேசிய நெடுஞ்சாலை 44 வழியே, ஹைதராபாத், பெங்களூர், சேலம் என்று ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு இரவு தங்கிக் கடப்பதென்று திட்டம் செய்தோம்.

புறப்படுவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில், இயந்திரத்தின் உருவம் வரைந்த மஞ்சள் விளக்கு ஒன்று காரின் முகப்பில் எரியத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது. வாங்கி இரண்டாண்டும் நிறையாத வண்டி. மூன்றாண்டு வாரண்டி உள்ளது. ஆதலின் கவலை இன்றி அதே டீலரின் பணிமனைக்கு ஓட்டிச் சென்றேன்.

வரவேற்பில் இருந்த இளைஞர் மரியாதையாகப் பேசினார். “பார்த்துவிடுகிறோம் சாஹேப், வாரண்டி இருக்கிறதே, என்ன கவலை?” என்றார். ஜாப் கார்டு ஒன்றை நீட்டினார். பொடி எழுத்தில் ஆங்கிலம் நிறைந்திருந்தது. எனக்கு அலுவலக நேரம் நெருங்கிவிட்டது. அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டு வந்துவிட்டேன்.

மாலையில் தொலைபேசியில் அழைத்தார்: இக்னிஷன் காயில் ஒன்று கெட்டுவிட்டது; வாரண்டியில் மாற்றிவிட்டோம்; வண்டி தயார். மகிழ்ச்சியுடன் சென்றேன். பில்லைப் பார்த்தபோது காயிலுக்கு எதிரே பூஜ்யம், மாற்றிய கூலிக்கு எதிரே பூஜ்யம். அவற்றின் கீழே “சோதனைக் கட்டணம் 1,200, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 216, ஆக 1,416” என்று இருந்தது.

“வாரண்டி என்றீர்களே, இது எதற்கு?” என்று கேட்டேன்.

“பாகமும் பொருத்தும் கூலியும் வாரண்டி, சாஹேப். எங்கே பழுது என்று கண்டுபிடித்தது வேறு வேலை. எங்கள் பையன் ஒன்றரை மணி நேரம் பார்த்தான். ஜாப் கார்டில் நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள்” என்றார்.

பின்னால் நால்வர் காத்து நின்றனர். ஊருக்குப் புறப்படும் நாள் நெருங்கியிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். 1,416 ரூபாய் என் வீட்டில் பதினைந்து நாள் பால் செலவு. பணம் போனதைக் காட்டிலும், விடை சொல்லத் தெரியாமல் நின்றதே என்னை அதிகமாக உறுத்தியது. பார்சலைத் தராசில் ஏற்றி எடை கண்டுதான் எங்கள் அலுவலகத்தில் கட்டணம் நிர்ணயிக்கிறோம். எடை கண்டதற்கென்று தனியாக யாரிடமும் காசு கேட்டதில்லை. இங்கே மட்டும் தராசுக்குத் தனிக் கூலியா என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு விளக்கு, நான்கு காரணங்கள்

பணிமனை இளைஞர் சொன்னது முழுவதும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இக்காலக் கார்களில் இயந்திரத்தைக் கண்காணிக்க ஒரு சிறு கணினி உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடப்புக்கு வந்த பி.எஸ்.6 விதிகளின்படி விற்கப்படும் கார் ஒவ்வொன்றிலும் இந்தத் தற்சோதனை ஏற்பாடு இருக்கிறது. சென்சார்கள் அனுப்பும் செய்தியில் கோளாறு தென்பட்டால், கணினி அதற்குரிய குறியீட்டைத் தன் நினைவில் பதித்துக்கொண்டு மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. ஸ்டியரிங்கின் கீழே பதினாறு முனை உள்ள ஒரு செருகுவாய் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகினால் குறியீட்டைப் படிக்கலாம். இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

ஆனால் குறியீடு நோயின் அறிகுறியைச் சொல்லுமே அன்றி நோயின் காரணத்தைச் சொல்லாது. என் வண்டியில் வந்த குறியீடு பி0302. இரண்டாவது சிலிண்டரில் எரிபொருள் சரிவரப் பற்றவில்லை என்பது அதன் பொருள். ஏன் பற்றவில்லை? ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம்; அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கெட்டிருக்கலாம்; பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம்; இடையிலுள்ள கம்பி அறுந்திருக்கலாம். இவற்றுள் எது என்று காண்பது ஆளின் வேலை. ஸ்கேனரின் வேலை அன்று. இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்கிறார் மெக்கானிக். குறியீடு பி0303 என்று மாறினால் நோய் காயிலோடு நகர்ந்துவிட்டது. ஆகவே குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். இந்த உழைப்பு மெய்யான உழைப்பு. அதற்கு யாரோ ஒருவர் கூலி தரத்தான் வேண்டும்.

இனி யார் தருவது என்பதைப் பார்ப்போம். விளக்கு ஒன்றுதான், அதன் பின்னே உள்ள காரணத்துக்கு ஏற்பப் பணம் தருபவர் மாறுகிறார். ஸ்பார்க் பிளக், பிரேக் பேட், துடைப்பான் ரப்பர் முதலியவை தேய்மானப் பொருள்கள். இவற்றைப் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. காயில் தானாகக் கெட்டால் அது உற்பத்தியாளர் பொறுப்பு. இன்ஜெக்டரில் உற்பத்திக் குறை இருந்தால் அவர் பொறுப்பு. கலப்படப் பெட்ரோலால் அடைத்திருந்தால் நம் பொறுப்பு. கம்பி மட்டமாகச் செய்யப்பட்டிருந்தால் அவர் பொறுப்பு. எலி கடித்திருந்தால் நம் பொறுப்பு. ஆகவே பானெட்டைத் திறந்து பார்க்கும்வரை, இது இலவசமா கட்டணமா என்பதை டீலரும் அறியார்; நாமும் அறியோம். அந்த இடைவெளியில்தான் இந்தச் சோதனைக் கட்டணம் முளைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. டீலர் வேறு, உற்பத்தியாளர் வேறு. வாரண்டி வேலையை டீலர் செய்து முடித்து, கெட்ட பாகத்தைச் சான்றாக எடுத்து வைத்து, உற்பத்தியாளரிடம் கணக்கு அனுப்பிப் பணம் பெறுகிறார். இந்த வேலைக்கு இத்தனை நிமிடக் கூலி என்று உற்பத்தியாளர் ஓர் அட்டவணை வைத்திருப்பார். காயிலை மாற்றச் சில நிமிடங்களே அட்டவணையில் இருக்கும். கண்டுபிடிக்க ஆனதோ ஒன்றரை மணி. இந்த வித்தியாசத்தை உற்பத்தியாளரிடம் கேட்டுப் பெறுவது கடினம். எதிரே நிற்கும் வாடிக்கையாளரிடம் பெறுவது எளிது.

எது நியாயம்?

என் சிற்றறிவுக்கு எட்டிய நியாயத்தைச் சொல்கிறேன். பழுதைக் கண்டுபிடிக்காமல் பழுதைச் சரி செய்ய எவராலும் முடியாது. ஆகவே கண்டுபிடிப்பதும் செப்பனிடுதலின் ஒரு பகுதியே. “பணமின்றிச் செப்பனிட்டுத் தருவோம்” என்று உற்பத்தியாளர் எழுதிக் கொடுத்திருக்கையில், முதல் பாதிக்குப் பணம், இரண்டாம் பாதி இலவசம் என்பது பொருந்தாது. டீலருக்குக் கூலி குறைந்தால் அவர் கேட்க வேண்டிய இடம் உற்பத்தியாளரின் காரியாலயம். நம் சட்டைப் பை அன்று.

அதே நியாயம் மறுபக்கமும் செல்லும். என்னுடன் வேலை பார்க்கும் மராட்டிய நண்பர் ஒருவரின் காரிலும் இதே விளக்கு எரிந்தது. ரெயில்வே குடியிருப்பில் இரவில் காரை நிறுத்துகிறோம், எலிகளுக்குக் குறைவில்லை. அவர் வண்டியில் கம்பியை எலி கடித்திருந்தது. கடித்த இடத்தைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அவர் சோதனைக் கட்டணத்தையும் கம்பி மாற்றிய கூலியையும் முணுமுணுக்காமல் கொடுத்தார். அது சரியே. எலி செய்த வேலைக்கு உற்பத்தியாளர் பொறுப்பாக மாட்டார்; தேடிக் கண்டவருக்கு உழைப்பின் ஊதியம் சேர வேண்டும்.

ஆக, சோதனைக் கட்டணம் என்பது எப்போதுமே கொள்ளை என்று கூச்சலிடுவதும் தவறு; எப்போதுமே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று தலையாட்டுவதும் தவறு. காரணம் வாரண்டிக்குள் வந்தால் கட்டணம் இல்லை. வெளியே சென்றால் உண்டு. இந்த நிபந்தனை பானெட் திறக்கும் முன்பே தாளில் ஏற வேண்டும். விஷயம் இவ்வளவே.

அக்காவின் அனுபவம்

எங்கள் தெருவில் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர் குடியிருக்கிறார். மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடிந்து தனியே திரும்ப வேண்டியிருப்பதால் தவணையில் ஒரு சிறிய கார் வாங்கினார். அவர் வண்டியில் நான்கு மாதத்தில் மூன்று முறை மஞ்சள் விளக்கு எரிந்தது. மூன்று முறையும் பணிமனையில் ஸ்கேனரைச் செருகி, குறியீட்டை அழித்து, விளக்கை அணைத்து, சோதனைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நான்காம் முறை வண்டி நடு இரவில் மேம்பாலத்தின் மீது நின்றுவிட்டது. அதன் பிறகே ஒரு சென்சார் தொடக்கத்திலிருந்தே கெட்டிருந்ததாகக் கண்டு, வாரண்டியில் மாற்றினார்கள்.

நான் அவரிடம் பழைய பில்களைக் கேட்டேன். ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டு முறையும் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார், பில் வாங்கவில்லை.

“ஏன் அக்கா கேட்கவில்லை?” என்றேன்.

“எனக்கு இந்தி அரைகுறை, தம்பி. வாதாடினால் மதராஸிக்காரி சண்டை போடுகிறாள் என்பார்கள். நம் ஊராக இருந்தால் கேட்டிருப்பேன். இங்கே எதற்கு வம்பு என்று வந்துவிட்டேன்” என்றார்.

அன்பர்களே, அந்தச் சொற்கள் என் நெஞ்சில் தைத்தன. ஏனெனில் பணிமனையில் வாய் மூடி நின்ற என் எண்ணமும் அதுவே. வந்த ஊரில் நல்ல பெயரோடு வாழ வேண்டும் என்ற நம் பண்பு பெருமைக்குரியது. ஆயினும் கேட்பது வேறு, சண்டையிடுவது வேறு. உரிய கேள்வியை உரிய நேரத்தில் அமைதியாகக் கேட்பவனை எந்த ஊராரும் தாழ்வாக எண்ணுவதில்லை. கேட்காமல் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவி மக்களிடம் புலம்புவதனால் யாருக்கு என்ன பயன்?

நான் எழுதிய கடிதம்

திருமணத்துக்குப் புறப்படும் முன் இரவு, வாரண்டிப் புத்தகத்தை முழுதும் படித்தேன். குறையுள்ள பாகத்தை, பாகத்துக்கும் கூலிக்கும் பணம் வாங்காமல் சரி செய்வோம் என்று இருந்தது. எவை வாரண்டிக்குப் புறம்பானவை என்ற பட்டியல் இருந்தது. சோதனைக் கட்டணம் என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஜாப் கார்டின் பிரதியையும் படித்தேன். “தேவைப்படின் சோதனைக் கட்டணம் உண்டு” என்று மட்டும் இருந்தது. எவ்வளவு என்றோ, வாரண்டி வேலைக்கும் உண்டு என்றோ இல்லை.

எனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கோபச் சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன். என் வண்டியில் கண்ட பழுது எது? அது வாரண்டிக்கு உட்பட்டது என்று உங்கள் பில்லே சொல்கிறது அல்லவா? அவ்வாறாயின் வாரண்டியின் எந்த விதிப்படி என்னிடம் 1,416 ரூபாய் பெற்றீர்கள்? பில், ஜாப் கார்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துப் பணிமனை மேலாளருக்கும், உற்பத்தி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன்.

திருமணம் முடித்து நாங்கள் திரும்பிய பிறகு, பதினேழாம் நாள் தொலைபேசி வந்தது. “நல்லெண்ணத்தின் பேரில்” தொகையைத் திருப்பித் தருவதாகக் கூறினர், தந்தும் விட்டனர். உரிமையை உரிமை என்று சொல்லாமல் நல்லெண்ணம் என்று பெயரிட்டது எனக்குச் சிறிது வருத்தமே. அக்காவும் அதே போல் எழுதினார். பில் இருந்த ஒரு தொகை திரும்பியது. பில் இல்லாத இரண்டும் போயின. தாளின் மதிப்பை இதைவிடத் தெளிவாக எவர் உணர்த்த முடியும்?

கையொப்பத்துக்கு முன்

ரெயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. சேதமடைந்த நிலையில் வந்த சரக்கைப் பெற்றுக்கொள்ள வருபவர், திறந்து பார்த்தே பெறுவேன் என்று கோரலாம். 1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 81-ஆம் பிரிவு அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. பெட்டி உடைந்திருப்பதைக் கண்டும் ஒன்றும் எழுதாமல், குறையின்றிப் பெற்றேன் என்று கையெழுத்திட்டுச் செல்பவர், பின்னர் நஷ்ட ஈடு கேட்கும்போது படும் பாட்டை நான் அன்றாடம் பார்க்கிறேன். பிறருக்கு அறிவுரை சொல்லும் மேசையில் அமர்ந்திருந்தும், என் காருக்கு நான் அதைச் செய்யவில்லை. நீங்களேனும் செய்யுங்கள்.

முதலாவது, மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் அதையும், ஓடிய கிலோமீட்டரையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நிலையாக எரிந்தால் விரைவில் பணிமனைக்குச் செல்லலாம். விட்டு விட்டு மின்னினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள். மின்னும் விளக்கோடு ஓட்டினால் புகைபோக்கிக் குழலிலுள்ள தூய்மைக் கருவியும் கெட்டுச் செலவு பெருகும்.

இரண்டாவது, தெருக்கோடி மெக்கானிக்கிடம் குறியீட்டைப் படிக்கச் சொல்வதனால் வண்டிக்குத் தீங்கு இல்லை. ஆனால் குறியீட்டை அழிக்க விடாதீர்கள். பழுது நேர்ந்த கணத்தில் வண்டி இருந்த நிலையும் அதனோடு பதிவாகியிருக்கும். சாட்சியை நாமே அழிக்கலாகாது. கம்பியை வெட்டவோ பாகத்தைக் கழற்றவோ இடம் கொடுத்தால், வாரண்டியை மறுக்க அதுவே சாக்காகும்.

மூன்றாவது, ஜாப் கார்டில் உங்கள் குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் செய்யுங்கள். “பொதுச் சோதனை” என்று எழுத விடாமல், “மேட்டில் இழுக்கவில்லை, மஞ்சள் விளக்கு எரிகிறது, வாரண்டியில் சரி செய்ய வேண்டும்” என்று எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது, கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு கேள்வி. இந்தி தடுமாறும் அன்பர்களுக்காக அதனை நம் எழுத்தில் தருகிறேன்: “அகர் கராபி வாரண்டி மேம் நிக்லீ, தோ ஜாஞ்ச் கா சார்ஜ் லகேகா க்யா?” பழுது வாரண்டிக்குள் வந்தால் சோதனைக் கட்டணம் உண்டா என்பது இதன் பொருள். இல்லை என்பார்களாயின், “யஹ் ஜாப் கார்டு பர் லிக் தீஜியே” என்று சொல்லி அதையே தாளில் எழுதி வாங்குங்கள். உண்டு என்பார்களாயின், எவ்வளவு, எந்த விதிப்படி என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். அது ஒவ்வாவிட்டால் அதே நிறுவனத்தின் வேறு டீலரிடம் செல்லலாம். பெரும்பாலான கார்களின் வாரண்டி, வாங்கிய டீலரிடம் மட்டும் அன்றி, நாடெங்கும் உள்ள அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலர் எவரிடமும் செல்லும்.

ஐந்தாவது, பூஜ்ய ரூபாய் வேலையானாலும் பில் இன்றி வண்டியை எடுக்காதீர்கள். என்ன குறியீடு கண்டார்கள், எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்பது அதில் இருக்கட்டும். அதே பழுது மீண்டும் வந்தால், முன்பே சொன்னோம் என்பதற்கு அதுவே சாட்சி.

சட்டம் தரும் துணை

சோதனைக் கட்டணம் கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கும் தனிச் சட்டப் பிரிவு நம் நாட்டில் இல்லை. ஆனால் பொதுவான பாதுகாப்பு உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்புக்கொண்டபடி சேவை செய்யாததும், தெரிவிக்க வேண்டிய செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று அது சொல்கிறது. பில் தராமல் இருப்பதை முறையற்ற வணிக நடவடிக்கைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

நம் போன்ற இடம் பெயர்ந்த குடும்பங்களுக்கு அதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த் தரப்பினர் இருக்கும் ஊரிலோ, தகராறு விளைந்த ஊரிலோதான் வழக்கிட முடியும். புதிய சட்டத்தின்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிடலாம். கோயம்புத்தூரில் கார் வாங்கி நாகபுரிக்கு மாற்றலாகி வந்தவர் கோயம்புத்தூருக்கு ஓட வேண்டியதில்லை. வழக்கறிஞர் வைப்பது கட்டாயம் அன்று. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின் மனுக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். தகராறு விளைந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

அவ்வளவு தூரம் செல்வதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு வழங்குபவர் அல்லர். ஆயினும் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி விடை பெற்றுத் தர முயல்வார்கள். மேலாளர், உற்பத்தியாளர், உதவி எண், மாவட்ட ஆணையம் என்ற வரிசையில் படிப்படியாக ஏறுவதே நலம். பெரும்பாலான சிறு தொகைகள் முதல் இரண்டு படிகளிலேயே தீர்ந்துவிடக் கூடியவை.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. கார் நிறுவனங்கள் பதினான்கின் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25 அன்று ஓர் உத்தரவிட்டு, 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்தது தவறு என்றும், வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்வது ஆகாது என்றும் அது கூறியது. நிறுவனங்கள் அதனை எதிர்த்து மேல் முறையீடு செய்தன. ஆதலின் நம் வண்டியின் வாரண்டிப் புத்தகம் என்ன சொல்கிறது என்பதைப் படித்து நடப்பதே விவேகம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் பீரோவைத் திறந்து அந்தச் சிறு புத்தகத்தை வெளியே எடுங்கள். எவை வாரண்டிக்குள், எவை வெளியே, எந்த நாள் வரை என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, காரின் கையுறைப் பெட்டியில் வையுங்கள். ஆங்கிலம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவனை உரக்க வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். படிக்க இயலாதவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், அவர் வண்டி பணிமனைக்குச் செல்லும் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள். சென்ற மாதம் அக்காவின் வண்டியில் மீண்டும் விளக்கு எரிந்தது. நான் துணைக்குச் சென்றேன். எனக்கு அங்கே வேலையே இல்லை. ஜாப் கார்டைக் கையில் வாங்கி, அந்த ஒரு கேள்வியைத் தன் அரைகுறை இந்தியில் அவரே கேட்டார். பணிமனையாளர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்து, “கட்டணம் இல்லை” என்று எழுதிக் கொடுத்தார். அதன் பின்னரே அக்கா கையெழுத்திட்டார்.